தன் குரலைத் தானே கேட்கும் பாடம்: உளவளத்துணை மாணவர்கள் எப்படிப் பயிற்சி பெறுகிறார்கள்?

தமிழ்நாட்டில் ‘கவுன்சலிங்’ என்றால் பெற்றோர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பொறியியல் கல்லூரியில் இடம் பிடிப்பதற்கான கலந்தாய்வுதான். மனத்துயரோடு வருபவருக்குப் பேச்சின் வழியே உதவும் தொழிலை ‘உளவியல் ஆலோசனை’ என்று எழுதுகிறோம். அச்சொல்லும் முழுக்கப் பொருந்தவில்லை. ஆலோசனை என்றதும், அறிந்தவர் அறியாதவருக்கு வழி சொல்வது என்ற எண்ணமே எழுகிறது. இத்துறையில் முதுநிலைப் படிப்பில் சேரும் மாணவருக்கு முதல் பருவத்தில் கற்பிக்கப்படுவதோ, வழி சொல்ல வாயெடுக்கும் பழக்கத்தை எப்படி அடக்கி வைப்பது என்பதுதான். இலங்கைத் தமிழில் வழங்கும் ‘உளவளத்துணை’ என்ற சொல்லில் வழிகாட்டி இல்லை, துணை இருக்கிறது. எனவே இக்கட்டுரையில் அதையே கையாள்கிறேன்.

உளவளத்துணைக்கும் உளச்சிகிச்சைக்கும் இடையே கோடு கிழிப்பது எளிதன்று. உறவுச் சிக்கல், இழப்பு, படிப்பு, வேலை போன்றவற்றால் தடுமாறுபவருக்கு உதவுவதை முதல் சொல்லாலும், நோயாக அறியப்பட்ட மனச்சோர்வு, பதற்றம், அதிர்ச்சியின் பின்விளைவு ஆகியவற்றுக்கு நீண்டகாலம் அளிக்கப்படும் பேச்சுவழிச் சிகிச்சையை இரண்டாம் சொல்லாலும் குறிப்பது வழக்கம். ஆனால் எதிரே அமர்ந்திருப்பவர் சொல்வதைக் கேட்டு, தாம் புரிந்துகொண்டதை அவருக்கே திருப்பிக் காட்டி, அவர் தம் நிலைமையைத் தாமே தெளிவாகப் பார்க்க உதவும் அடிப்படைத் திறன் இரண்டுக்கும் பொதுவானது.

நல்ல மனமும் பொறுமையும் உள்ள ஒருவருக்கு இது இயல்பாகவே வராதா என்று கேட்கலாம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் தேடிப் போய்ப் பேசும் ஒரு பெரியம்மா ஒவ்வோர் ஊரிலும் இருக்கத்தான் செய்கிறார். இத்துறையினரும் நெடுங்காலம் இதைக் குணம் என்றே கருதினர், திறனாகக் கருதவில்லை. ஃபிராய்டு வகுத்த பேச்சுச் சிகிச்சை முறையான உளப்பகுப்பாய்வைக் கற்பிக்க 1920-இல் பெர்லின் நகரில் தொடங்கப்பட்ட நிறுவனம் மூன்று கால்களில் நிற்கும் ஒரு பயிற்சி முறையை வகுத்தது: மாணவர் தாமே உளப்பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும், கோட்பாடுகளைப் படிக்க வேண்டும், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். இந்த அமைப்பு இன்றுவரை பல வடிவங்களில் தொடர்கிறது. ஆயினும் அதில் ஓர் ஓட்டை இருந்தது. மூடிய அறைக்குள் நடந்ததை மாணவர் நினைவிலிருந்துதான் மேற்பார்வையாளரிடம் சொன்னார். நினைவோ நமக்குச் சாதகமாகவே எழுதிக்கொள்ளும் கணக்குப்பிள்ளை. தாம் அமைதியாகக் கேட்டதாக மாணவர் உறுதியாக நம்புவார். உண்மையில் பாதி நேரம் அவரே பேசியிருப்பார்.

அந்த ஓட்டையை அடைத்தது ஒலிப்பதிவுக் கருவி. என்னைக் கேட்டால், இத்துறைப் பயிற்சியின் வரலாற்றில் எந்தக் கோட்பாட்டையும்விடப் பெரிய திருப்பம் அதுதான் என்பேன். 1940-இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்த அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், தம் மாணவர்களோடு சேர்ந்து அமர்வுகளை இசைத்தட்டுகளில் பதிவு செய்யத் தொடங்கினார். ஒரு தட்டில் சில நிமிடங்கள் மட்டுமே பதியும் என்பதால் இரண்டு கருவிகளை மாற்றி மாற்றி இயக்க வேண்டியிருந்தது. பதிவைத் திரும்பக் கேட்டபோது, தாம் எவ்வளவு தூரம் உரையாடலைத் தம் பக்கம் இழுத்துச் செல்கிறோம் என்பதை மாணவர்கள் முதன்முறையாகத் தம் காதாலேயே கேட்டனர். 1942-இல் வெளியான ரோஜர்ஸின் நூலில் ஒரே மனிதருடன் நடந்த எட்டு அமர்வுகளின் உரையாடல் முழுமையாக அச்சானது. அறைக்குள் என்ன நடக்கிறது என்பது அதன்பின் தொழிற்கமுக்கமாக இருக்கவில்லை.

1957-இல் ரோஜர்ஸ் எழுதிய ஒரு கட்டுரை, உளமாற்றம் நிகழ்வதற்குத் தேவையான நிலைமைகளை வரையறுத்தது. அவற்றுள் சிகிச்சையாளரைச் சார்ந்தவை மூன்று: வந்திருப்பவரின் உலகை அவர் கண்ணால் பார்க்கும் ஒத்துணர்வு, நிபந்தனை விதிக்காத மதிப்பு, பாசாங்கற்ற உண்மைத்தன்மை. இவை உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் ஆசிரியருக்கு ஒரு சிக்கல் எழுகிறது. “ஒத்துணர்வோடு இரு” என்று சொல்லிவிட்டால் மாணவர் திங்கட்கிழமை காலையில் என்ன செய்வார்? சார்லஸ் டுரூவாக்ஸ், ராபர்ட் கார்கஃப் முதலியோர் 1960-களில் ஒத்துணர்வை அளக்கப் படிநிலை அளவுகோல்களை உருவாக்கினர். கார்கஃபின் அளவுகோலில் ஐந்து படிகள் உண்டு. வந்தவர் சொன்னதையே காதில் வாங்காத மறுமொழி முதல் படி. அவர் சொன்ன உணர்வையும் பொருளையும் கூட்டாமல் குறைக்காமல் திருப்பித் தருவது மூன்றாம் படி. அவர் சொல்லத் தயங்கியதையும் தொட்டுவிடுவது அதற்கும் மேல்.

ஆலன் ஐவியும் அவருடைய சக ஆய்வாளர்களும் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதே சிக்கலை இன்னொரு பக்கத்திலிருந்து அணுகினார்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கற்பிக்க முயலாமல், உரையாடலைச் சிறுசிறு செயல்களாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பழக்குவது அவர்களுடைய வழி. 1968-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, கண்ணில் படக்கூடிய மிக எளிய ஒன்றிலிருந்து தொடங்குகிறது: கவனித்தல். பார்வை எங்கே இருக்கிறது, உடல் எப்படி அமர்ந்திருக்கிறது, வந்தவர் எடுத்த பேச்சை விட்டு நாம் விலகாமல் இருக்கிறோமா என்பவை மட்டும். மாணவர் ஐந்து நிமிடம் ஒருவருடன் பேசுவார். அது காணொளியாகப் பதிவாகும். பிறகு அந்தத் திறனைப் பற்றிப் படிப்பார், நன்றாகச் செய்த ஒருவரின் பதிவைப் பார்ப்பார், தம் பதிவைப் பார்ப்பார், ஆசிரியருடன் பேசுவார், மறுபடியும் ஐந்து நிமிடம் பேசுவார். ஆசிரியர் பயிற்சியில் ஸ்டான்ஃபோர்டில் உருவாகியிருந்த நுண்கற்பித்தல் முறைக்கு இது நெருங்கிய உறவு. மிருதங்கம் கற்பவர் ஒரே சொல்லைக் கை பழகும்வரை திரும்பத் திரும்ப வாசிப்பதை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை எதுவும் தெரியாது. ஆனால் மனிதர் மனத்தோடு தொடர்புடைய ஒன்றை இப்படிக் கூறுபோடலாமா என்று அக்காலத்தில் பலர் முகம் சுளித்தனர்.

இந்தச் சிறு திறன்கள் எவை என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்பதே எளிது. நான் புனைந்த எடுத்துக்காட்டுதான். ஒரு பெண் சொல்கிறார்: “வேலைக்குப் போயிட்டு வந்து சமைச்சு வெச்சா, மாமியார் ஒரு வாய் வெச்சுட்டுத் தட்டைத் தள்ளிடறாங்க. அவர் அதைப் பார்த்துக்கிட்டே இருக்கார். ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறார்.”

பயிற்சியில்லாத நம்மிடமிருந்து உடனே வரக்கூடிய மறுமொழிகள் மூன்று. “அவரைத் தனியா உட்கார வெச்சுப் பேசிப் பாருங்களேன்” என்பது யோசனை. அந்தப் பெண் அதை ஏற்கெனவே பத்து முறை செய்திருக்கக்கூடும். “எல்லா வீட்லயும் இருக்கறதுதானே” என்பது ஆறுதல் போலத் தோன்றும் வாயடைப்பு. “ஏன் நீங்க அப்பவே கேட்கலை?” என்பது கேள்வி உருவில் வரும் குற்றச்சாட்டு. தமிழில் ‘ஏன்’ என்ற சொல்லுக்கு, பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அறையில் நிற்பது போன்ற ஒரு வாடை எப்போதும் உண்டு. அதனால்தான் பயிற்சியாளர்கள் ‘ஏன்’ என்பதைத் தள்ளி வைத்து, ‘என்ன’, ‘எப்படி’ என்று தொடங்கும் திறந்த கேள்விகளைப் பழக்குகிறார்கள். “அந்த நேரத்துல உங்களுக்குள்ள என்ன ஓடுச்சு?” என்று கேட்டால் ஆம், இல்லை என்று முடித்துவிட முடியாது, தற்காப்புக்கும் அவசியமில்லை.

அடுத்தது பொழிப்பு. கேட்டதன் சாரத்தைத் தம் சொற்களில் சுருக்கித் திருப்பித் தருவது: “அவங்க தட்டைத் தள்ளறது ஒண்ணு, அதைப் பார்த்தும் இவர் பேசாம இருக்கறது இன்னொண்ணு.” இதில் புதிதாக ஏதும் இல்லை. ஆனால் இரண்டு வலிகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்த மூட்டை அவிழ்க்கப்பட்டு, எது அதிகம் கனக்கிறது என்று அவரே பார்க்க முடிகிறது. அதற்கும் அடுத்தது உணர்வைப் பிரதிபலித்தல்: “அந்த வீட்ல உங்களுக்குன்னு ஒருத்தரும் இல்லாத மாதிரி இருக்கு.” இது சரியாக அமைந்தால் எதிரில் இருப்பவர் ஒரு கணம் அமைதியாகி, “ஆமா” என்பார்; பெரும்பாலும் அதன்பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கும். தவறாக அமைந்தாலும் பெரிய கேடு இல்லை. “இல்லீங்க, எனக்குக் கோபம்தான் வருது” என்று அவர் திருத்துவார்; அந்தத் திருத்தமே ஒரு முன்னேற்றம்.

இவற்றோடு மிகச் சிறிய ஊக்குவிப்புகளும் உண்டு: “ம்”, “சரி”, “அப்புறம்?”, அவர் சொன்ன கடைசிச் சொல்லை மட்டும் மெல்லத் திரும்பச் சொல்வது. பாடநூல்கள் இதற்குப் பல பக்கங்கள் ஒதுக்குகின்றன. பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பழைய பாடம். ‘உம்’ கொட்டுவதை நிறுத்தினால் கதையும் நின்றுபோகும்.

உணர்வைப் பிரதிபலிப்பது பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழ் பேசும் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் அது. அவர்களுடைய பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வகுப்பில் உணர்ச்சிப் பெயர்களின் நீண்ட பட்டியல் ஒன்றும் கொடுக்கப்படுகிறது. அதை மனத்தில் மொழிபெயர்த்துக்கொண்டு, “நீங்கள் விரக்தியை உணர்கிறீர்கள்” என்று ஒரு மாணவர் சொன்னால், இலக்கணப் பிழை இல்லாவிட்டாலும் அது உயிரற்ற வாக்கியமாகிவிடும். தமிழில் உணர்வு பெரும்பாலும் உடம்பில் இருக்கிறது: நெஞ்சு அடைக்கிறது, வயிறு எரிகிறது, மனசு விட்டுப்போகிறது, தலைக்கு மேல் போய்விடுகிறது. வந்தவர் “நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு” என்றால், அதைச் ‘சோகம்’ என்று பெயர்த்து வைப்பது அவரிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்வதற்குச் சமம். “அந்தக் கல்லு எப்ப ரொம்பக் கனக்குது?” என்று அவர் கொண்டுவந்த உருவகத்துக்குள்ளேயே நடப்பதுதான் நல்ல பிரதிபலிப்பு.

விளிக்கும் முறையும் அப்படித்தான். 23 வயது மாணவி ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் எதிரே அமரும்போது, “ஏம்மா, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?” என்ற கேள்வி முதல் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். அதற்கு விடை சொல்வதும் சொல்லாமல் முறுக்கிக்கொள்வதும் எளிய வழிகள். அந்தக் கேள்விக்குள் “இவ்வளவு சின்னப் பெண்ணுக்கு என் கஷ்டம் புரியுமா?” என்ற ஐயம் இருக்கிறதென்று உணர்ந்து, அந்த ஐயத்தையே மரியாதையோடு பேச்சுக்குக் கொண்டுவருவதுதான் பயிற்சி.

இத்திறன்கள் வகுப்பறையில் மூவர் குழுக்களாகப் பழகப்படுகின்றன. ஒருவர் துணையாளர், ஒருவர் நாடி வருபவர், ஒருவர் பார்வையாளர். பிறகு இடம் மாறுவார்கள். நாடி வருபவராக அமரும் மாணவர் கற்பனைப் பாத்திரத்தை நடித்தால் உரையாடல் நாடகமாகிவிடும். சொந்த வாழ்க்கையின் ஆழமான காயத்தைத் திறந்தால், நாளையும் அதே பெஞ்சில் உட்கார வேண்டிய வகுப்புத் தோழரிடம் அது சிக்கிக்கொள்ளும். எனவே உண்மையான, ஆனால் அளவான ஒரு விஷயத்தை, தூக்கம் சரியில்லாதது, அறைத்தோழருடன் மனத்தாங்கல் போன்றதை, எடுத்துக்கொள்ளுமாறு ஆசிரியர்கள் சொல்வார்கள்.

பிறகு வருவது மாணவர்கள் மிகவும் வெறுக்கும் வேலை. தம் பதிவை ஒரு சொல் விடாமல் எழுத்தில் பெயர்த்தெழுத வேண்டும். பக்கத்தை நெடுக்குப் பத்திகளாகப் பிரித்து, முதலில் வந்தவர் சொன்னதையும், அடுத்து மாணவர் சொன்னதையும், அதற்கடுத்து அது எந்தத் திறன், எதற்காகச் சொல்லப்பட்டது, இப்போது நினைத்தால் என்ன சொல்லியிருக்கலாம் என்பதையும் எழுத வேண்டும். இருபது நிமிட உரையாடலை இப்படி எழுதி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். தாம் “சரிங்க, சரிங்க” என்று எத்தனை முறை குறுக்கிட்டோம், வந்தவர் அழ ஆரம்பித்த நொடியில் எப்படிப் பேச்சை மாற்றினோம், மௌனம் மூன்று நொடியைத் தாண்டியதும் எப்படிப் பதறி ஒரு கேள்வியை வீசினோம் என்பதெல்லாம் அத்தாளில் மறைக்க முடியாமல் கிடக்கும். மதிப்பெண் தருவதைவிட இந்த வேலையே அதிகம் கற்றுத்தருகிறது என்பது என் கருத்து.

பதிவைக் கொண்டு வேறொன்றும் செய்யலாம் என்பதை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நார்மன் கேகன் 1960-களின் தொடக்கத்தில் கண்டார். அங்கே சொற்பொழிவாற்ற வந்த அறிஞர்கள் தம் காணொளிப் பதிவை உடனே பார்த்தபோது, பேசிய நேரத்தில் தம் மனத்தில் ஓடியவற்றை வியக்கத்தக்க நுணுக்கத்தோடு நினைவுகூர்ந்தார்கள். இதை அவர் பயிற்சி முறையாக மாற்றினார். மாணவர் தம் அமர்வின் பதிவைப் பார்த்து, விரும்பிய இடத்தில் தாமே நிறுத்துவார். உடனிருப்பவர் குறை சொல்லமாட்டார், “இந்த இடத்தில் உங்கள் மனத்தில் என்ன ஓடியது? எதைச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டீர்கள்?” என்று மட்டும் கேட்பார். மாணவர் பல வேளைகளில் உண்மையைப் பார்த்திருப்பார், ஆனால் சொல்ல அஞ்சியிருப்பார் என்பதே இம்முறை வெளிக்கொண்டுவரும் செய்தி. தெரியாதவருக்குக் கற்பிப்பதும், தெரிந்தும் துணியாதவருக்குக் கற்பிப்பதும் வேறு வேறு. மேற்பார்வையாளர் ஆசிரியராகவும், மாணவரின் சொந்த உணர்வுகளுக்குத் துணையாளராகவும், சமமாக அமர்ந்து கலந்து யோசிப்பவராகவும் மாறி மாறி நிற்க வேண்டும் என்று 1979-இல் ஜனைன் பெர்னார்டு வகுத்த மாதிரியும் இதே தேவையிலிருந்து எழுந்ததுதான்.

வகுப்பறையைத் தாண்டியதும் உண்மையான மனிதர்கள் வருகிறார்கள். அமெரிக்காவில் உளவளத்துணை முதுநிலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பின் விதிப்படி, மாணவர் முதலில் குறைந்தது 100 மணி நேரக் களப்பயிற்சியை முடிக்க வேண்டும். அதில் 40 மணி நேரமாவது நேரடியாக நாடி வருவோருடன் செலவிட்டதாக இருக்க வேண்டும். அடுத்து 600 மணி நேர உள்ளகப் பயிற்சி. அதில் நேரடிப் பணி 240 மணி. வாரந்தோறும் சராசரியாக ஒரு மணி நேரத் தனி மேற்பார்வையும் ஒன்றரை மணி நேரக் குழு மேற்பார்வையும் உண்டு. அமர்வின் பதிவோ நேரடிக் கண்காணிப்போ இல்லாமல் வாய்மொழி அறிக்கையை மட்டும் நம்பும் மேற்பார்வை அங்கே ஏற்கப்படுவதில்லை. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு தேவை. ‘கவுன்சலர்’ என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வதற்கு நீண்டகாலமாக அத்தகைய தடை எதுவும் இருந்ததில்லை. ஆகவே ஒரு படிப்பில் சேர விரும்புபவர் பாடத்திட்டத்தைப் பார்ப்பதற்கு முன், எத்தனை மணி நேரம் உண்மையான மனிதர்களோடு அமர வைப்பார்கள், அதை யார் கேட்டுத் திருத்துவார்கள் என்று விசாரிப்பது நல்லது. இணையத்தில் சில வாரங்களில் சான்றிதழ் தரும் வகுப்புகள் இந்த இடத்தில்தான் மௌனமாகிவிடும்.

களத்துக்குப் போகுமுன் மாணவர் கட்டாயம் பழகியிருக்க வேண்டிய ஒன்று, தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேரடியாகக் கேட்பது. “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வாய் குழறாமல் அந்தக் கேள்வியைக் கேட்க வருவதற்கு, வகுப்பில் பலமுறை உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். இரகசியம் காப்பதற்கும் எல்லை உண்டு; உயிருக்கு ஆபத்து நெருங்கும்போதும், இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவரும்போதும் வாய்மூடி இருக்க முடியாது. இதை முதல் அமர்வின் தொடக்கத்திலேயே வந்தவருக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவும் கற்றபின் அனுபவம் தானாகவே ஒருவரை மெருகேற்றிவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 170 சிகிச்சையாளர்களையும் அவர்கள் பார்த்த 6,500-க்கும் மேற்பட்டோரையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சையாளரின் அனுபவ ஆண்டுகள் கூடக் கூட, சிகிச்சையை நடுவில் நிறுத்திவிடுவோர் குறைந்தனர். ஆனால் பலன் சராசரியாக உயரவில்லை, மிகச் சிறிய அளவில் இறங்கவே செய்தது. 2005-இல் வெளியான மற்றொன்று இன்னும் சங்கடமானது. மாணவர்களும் உரிமம் பெற்றவர்களும் கலந்த 48 சிகிச்சையாளர்களிடம், தாம் பார்க்கும் 550 பேரில் யார் நிலை மோசமாகும் என்று கணிக்கச் சொன்னார்கள். அவர்கள் காட்டியது மூவரை. உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். மூவரில் சரியாகக் கணிக்கப்பட்டவர் ஒருவரே. எனவே இன்று பல பயிற்சி மையங்களில், ஒவ்வோர் அமர்வுக்கும் முன் வந்தவரே நிரப்பும் சிறு வினாத்தாளை மேற்பார்வையாளர் பதிவோடு சேர்த்துப் பார்க்கிறார். ஒலிப்பதிவு மாணவரின் நினைவைச் சரிபார்த்தது போல, வினாத்தாள் அவருடைய ஊகத்தைச் சரிபார்க்கிறது.

பாடத்திட்டங்களில் சில வரிகளுக்குள் அடங்கிவிடும் ஒரு பயிற்சி இறுதியில் வருகிறது. கல்வியாண்டு முடிந்தால் மாணவர் போய்விடுவார்; நாடி வருபவரின் துயரம் கல்வியாண்டைப் பார்த்து முடிவதில்லை. ஆகவே சில வாரங்களுக்கு முன்பே முடிவுத் தேதியைச் சொல்லி, அந்தப் பிரிவு அவருக்கு எதை நினைவூட்டுகிறது என்று பேசி, தொடர விரும்பினால் வேறொருவரிடம் முறைப்படி ஒப்படைக்க வேண்டும். திடீரென மறைந்துபோகும் மாணவர், ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்ட ஒருவருக்கு இன்னொரு கைவிடலைக் கொடுத்துவிடுவார். கடைசி அமர்வுக்குப் பின் குறிப்புகள் மையத்தின் கோப்பில் சேரும். பதிவுகள், முதல் நாளில் வந்தவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் சொன்னபடி, மேற்பார்வையாளரின் கண்முன்னே அழிக்கப்படும்.